ஒரு பவுண்டுக்கு வித்த கிளப்பும், ஓனர் என்கிற வார்த்தையும்

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சண்டை. கைகலப்பெல்லாம் இல்லை. தயிர்சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவுல வழக்கமா நடக்கிற வாய்ச்சண்டைதான். எங்க டீம்ல ஒருத்தன் தீவிர செல்சி ரசிகன். நான் பள்ளிக்கூடக் காலத்துல இருந்தே மான்செஸ்டர் யுனைடெட். (சரி சரி, சிரிக்காதீங்க. எங்க நிலைமை எங்களுக்கே தெரியும்.) யுனைடெட் ஓனர்களை நான் வழக்கம்போல திட்டிக்கிட்டு இருந்தப்ப அவன் ஒரே போடா போட்டான்.

"மச்சி, துட்டு போட்டவன்தான் முதலாளி. அவன் கிளப்பு, அவன் காசு. விப்பான், அடமானம் வைப்பான், பிடிக்கலைன்னா இழுத்து மூடுவான். நீ யாரு கேக்க? டிவியில பாக்கிறே, அவ்வளவுதானே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள பில்டு உடைஞ்சிருச்சுன்னு டேமேஜர் கூப்பிட்டுட்டார். ஆணி புடுங்கப் போயாச்சு. ஆனா அந்த வாக்கியம் மட்டும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. ஏன்னா அது அவன் ஒருத்தனோட கருத்து இல்லை. கால்பந்து பார்க்கிற நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். மிச்சப் பாதிப் பேர் "ஓனர் இன்னும் காசு இறக்கணும்"னு கத்திக்கிட்டு இருக்கோம். ரெண்டுமே தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

*

2023 கடைசியில ஒரு ஆறு மாசம் மான்செஸ்டர்ல ஆன்சைட். குளிர், மழை, மைக்ரோவேவ் சாப்பாடு. யுனைடெட் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கிற அளவுக்கு அலவன்ஸ் கிடையாது. ஒரு சனிக்கிழமை மஞ்சள் டிராம்ல ஏறி வடக்கே அரை மணி நேரம் போனா பெரின்னு ஒரு ஊர். சந்தைக்குப் பேர் போன சின்ன ஊர். அங்க கிக் லேன்னு ஒரு மைதானம். உள்ளே நடந்தது இங்கிலாந்து கால்பந்தின் ஒன்பதாவது அடுக்கு ஆட்டம். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா மாவட்ட லீக் மாதிரி. கூட்டம் மூவாயிரத்துக்கு மேல!

பக்கத்துல இருந்த பெரியவர் கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "ஒன்பதாவது அடுக்குக்கு இவ்வளவு கூட்டமா?"ன்னு கேட்டேன். "2019ல இந்த இடத்தைக் கூட்டித் துடைச்சவங்கள்ல நானும் ஒருத்தன்"னார். எனக்குப் புரியலை. அப்புறம் அவர் சொன்ன கதையை ரூமுக்கு வந்து தேடிப் படிச்சேன். அந்த ராத்திரி தூக்கமே வரலை.

கதை இதுதான். பெரி கிளப் ஆரம்பிச்சது 1885ல. 1900லயும் 1903லயும் எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்ச கிளப். 1903 இறுதியாட்டத்துல டெர்பி கவுன்ட்டியை 6-0ன்னு அடிச்சாங்க. 2019ல மான்செஸ்டர் சிட்டி அதே 6-0 அடிச்சு சமன் செய்யற வரைக்கும், 116 வருஷம், அந்தச் சாதனைக்குப் பக்கத்துல யாரும் வரலை.

அதே 2019ல தான் பெரியோட கதையும் முடிஞ்சது.

அதுக்கு முன்னாடி இருந்த ஓனர் காலத்துல மைதானத்து மேல அடமானக் கடன் ஏறியிருந்தது. கார் நிறுத்தற இடத்தைக்கூட கட்டம் கட்டமாப் பிரிச்சு முதலீட்டுத் திட்டம்னு வித்திருந்தாங்க (படிச்சப்போ நம்ம ஊர் தேக்குமரத் திட்டம்தான் ஞாபகம் வந்தது). 2018 டிசம்பர்ல கிளப் ஸ்டீவ் டேல் என்கிற தொழிலதிபர் கைக்கு மாறிச்சு. விலை? ஒரு பவுண்டு. ஆமா சாமி, ஒரே ஒரு பவுண்டு. அன்னைக்கு நம்ம ஊர் ரேட்டுக்கு நூறு ரூபாய்கூட இல்லை. பெரியில ஒரு கால்பந்து கிளப் இருக்கிறதே முன்னாடி தனக்குத் தெரியாதுன்னு அவரே பின்னாடி பிபிசி வானொலியில சொன்னார். கிளப்பை நடத்த பணம் இருக்கா, எங்கிருந்து வருதுன்னு லீக் ஆதாரம் கேட்டது. அவர் திருப்தியா காட்டலை. ஆனா வாங்கறதுக்கு முன்னாடியே காட்டியாகணும்னு அன்றைய விதியில கட்டாயம் இல்லை. நாம ஒரு வீட்டுக் கடனுக்கு எத்தனை மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறோம்னு யோசிச்சுப் பாருங்க.

வேடிக்கை என்னன்னா, அந்த சீசன்ல பெரி ஜெயிச்சது. மாசக்கணக்கா சம்பளம் சரியா வராமலே ஆடி, நாலாவது அடுக்குல ரெண்டாவதா வந்து மூணாவது அடுக்குக்கு உயர்ந்தாங்க. அதுக்குப் பரிசு? அடுத்த சீசன் ஆட்டங்கள் ஒண்ணொண்ணா நிறுத்தப்பட்டது. 2019 ஆகஸ்ட் 27, மாலை 5 மணி கெடு. வாங்க வந்த ஒரு நிறுவனமும் கணக்கைப் பார்த்துட்டு பின்வாங்கிடுச்சு. அன்னைக்குக் காலையில, கிளப் பிழைச்சிரும், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்னு நம்பி, நூத்துக்கணக்கான ஊர்க்காரங்க துடைப்பமும் வாளியுமா வந்து மைதானத்தைச் சுத்தம் பண்ணாங்க. நாற்காலியெல்லாம் துடைச்சு வெச்சாங்க. ராத்திரி லீக்கிலிருந்து வெளியேற்றம்னு அறிவிப்பு வந்தது. 1992ல மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டுக்கு அப்புறம் இப்படி நடுவுல காணாமப் போன முதல் கிளப்.

துட்டு போட்டவன் முதலாளின்னா, ஒரு பவுண்டு போட்டவர் 134 வருஷத்துக்கு முதலாளி. வாளி தூக்கினவங்க யாருமே இல்லை. நண்பா, இதைத்தான் நீ சரின்னு சொல்றே.

*

"கம்பெனின்னா மூடத்தான் செய்யும், இதுல என்ன பெரிய சோகம்?" இது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். என் சொந்தக் கதையிலயே பதில் இருக்கு.

காலேஜ் முடிச்சு நான் முதல்ல சேர்ந்த கம்பெனி ஒரு சின்ன ஸ்டார்ட்அப். பேர் வேணாம். மூணு மாசம் சம்பளம் வரலை. "அடுத்த வாரம் ஃபண்டிங் வந்துரும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் என்ன பண்ணேன்? அழுதேனா? தர்ணா உக்காந்தேனா? ரெஸ்யூமேயை அப்டேட் பண்ணிட்டு, மூணு இன்டர்வியூ போயிட்டு, வேற கம்பெனிக்கு மாறிட்டேன். எங்க வாடிக்கையாளர்களும் போட்டிக் கம்பெனிக்குப் போயிட்டாங்க. ஆறு மாசத்துல அந்தக் கம்பெனி இருந்த இடம் தெரியலை. உலகம் நிக்கலை.

சந்தை சந்தைன்னு சொல்றோமே, அது வேலை செய்யறதே இந்த ஒரு விஷயத்தாலதான். பிடிக்கலைன்னா போயிரலாம். இட்லி சரியில்லைன்னா எதிர்க்கடைக்குப் போவோம். அந்தப் பயத்துலதான் கடைக்காரர் ஒழுங்கா மாவு அரைப்பார்.

பெரி ரசிகன் எங்க போவான்? அரை மணி நேர தூரத்துல உலகத்தின் ரெண்டு பெரிய கிளப் இருக்கு. ஒருத்தன்கூட அங்க போய் "சரி, இனிமே நான் சிட்டி"ன்னு சொல்லலை. தாத்தா கையைப் பிடிச்சு வந்த மைதானத்துக்கு எதிர்க்கடை கிடையாது. வாடிக்கையாளர் போகமாட்டான், போகமுடியாது. அப்போ ஓனருக்கு என்ன பயம்? எவ்வளவு மட்டமா நடத்தினாலும் அடுத்த வருஷமும் சீசன் டிக்கெட் வாங்குவான். விலையை ஏத்தினாலும் வாங்குவான். திட்டிக்கிட்டே வாங்குவான்.

அதனாலதான் சொல்றேன், கிளப்பைக் கம்பெனிச் சட்டத்தை மட்டும் வெச்சு அளக்கிறது தப்பு. விட்டுட்டுப் போகமுடியாத ஜனங்களை வெச்சுக்கிட்டு நடத்தற எதுவும் வெறும் கடை இல்லை. நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கெனவே நல்ல வார்த்தை இருக்கு. தர்மகர்த்தா. கோயில் நிர்வாகம் அவர் கையில இருக்கலாம், சாவிக்கொத்து அவர் இடுப்புல தொங்கலாம், திருவிழாவுல முதல் மரியாதைகூட வாங்கிக்கலாம். மூலவரை அடமானம் வைக்கமுடியாது.

*

இப்போ கணக்குப் பக்கம் வருவோம். (இங்கதான் பாதிப் பேர் ஓடிப்போவீங்கன்னு தெரியும். கொஞ்சம் பொறுங்க, சுவாரசியமாவே இருக்கும்.)

ஒரு கிளப்புக்கு வருமானம் மூணு வழியில. ஆட்டம் பார்க்க வர்றவங்க கொடுக்கிறது, டிவி உரிமை, விளம்பரமும் சட்டை விற்பனையும். செலவுல பெரிய தலை ஒண்ணே ஒண்ணு, சம்பளம். இங்கிலாந்தின் ரெண்டாவது அடுக்கான சாம்பியன்ஷிப்ல 2018-19 சீசன் கணக்கை டெலாய்ட் போட்டப்போ, கிளப்புகளின் சம்பளச் செலவு மொத்த வருமானத்தில் 107 சதவீதம். நூறு ரூபாய் சம்பாதிச்சு 107 ரூபாயைச் சம்பளமாவே கொடுக்கிறாங்க. கரண்ட் பில், புல் வெட்டற செலவு, பஸ் வாடகை, புது ஆட்டக்காரர் விலை எல்லாம் இதுக்கு மேல.

ஏன் இந்தப் பைத்தியக்காரத்தனம்? மேல பிரீமியர் லீக்ல கொட்டுற டிவி காசு. ஏறிட்டா ஜாக்பாட். அதோட மேலிருந்து கீழ இறங்கற கிளப்புக்கு மூணு வருஷம் வரைக்கும் பாராசூட் பணம் வருது. முதல் வருஷம், மேல எல்லா கிளப்புக்கும் சமமாப் பிரிக்கிற டிவி பங்குல 55 சதவீதம், அடுத்து 45, அப்புறம் 20. அவங்களோட போட்டி போட மத்தவங்க கையில இல்லாத காசை இறக்கறாங்க. இறங்கறவங்க இருபது பேருக்கு மேல, ஏறறது மூணே பேர். ரம்மி கிளப்ல எல்லாரும் ஒரே நேரத்துல கடன் வாங்கி ஆடற மாதிரி. தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொருத்தர் முடிவும் புத்திசாலித்தனம். மொத்தமாப் பார்த்தா சூதாட்டம்.

பள்ளத்தை யார் நிரப்பறது? ஓனர். எப்படி? பெரும்பாலும் கடனா. அதாவது அந்தக் கிளப்பின் ஒவ்வொரு மாசச் சம்பளமும் ஒரு தனி மனுஷனின் மனநிலை, உடல்நிலை, அவர் நாட்டுச் சட்டம், அவரோட மத்த தொழில் இதையெல்லாம் நம்பி நிக்குது.

கை விட்டா என்ன ஆகும்? போர்ட்ஸ்மத்தைப் பாருங்க. 2008ல எஃப்.ஏ. கோப்பை. 2009-10ல ஒரே சீசன்ல நாலு ஓனர். 2010 பிப்ரவரியில திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் என்கிற பெருமை. 10 கோடி பவுண்டுக்கு மேல கடன். இதுல ஒரு விதி இருக்கு. கால்பந்துக் கடன்னு ஒரு தனி வகை. ஆட்டக்காரர் சம்பளமும் மத்த கிளப்புகளுக்குத் தர வேண்டியதும் முழுசா கொடுத்தாத்தான் லீக்ல நீடிக்க முடியும். மத்தவங்களுக்கு மிச்சம் மீதி. போர்ட்ஸ்மத்ல அந்த மிச்சம் பவுண்டுக்கு 20 பென்ஸ்னு முடிவாச்சு. அந்த 'மத்தவங்க' பட்டியல்ல அரசாங்க வரித்துறை இருந்தது. ஆட்டக்காரர் காலை உடைச்சுக்கிட்டா ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு ஓடி வர்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. தொண்டு நிறுவனம்ங்க அது! இந்த விதி செல்லாதுன்னு வரித்துறை வழக்குப் போட்டு 2012ல தோத்தே போச்சு.

"அவன் காசு, அவன் இஷ்டம்"னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. ஆம்புலன்ஸ்காரருக்கு நாமம் போட்ட காசு யாரோட காசு?

*

ஓனர்கள்ல மூணு ஜாதி. பெரி மாதிரி கை நனையாமலே கவிழ்க்கிறவங்களைப் பார்த்துட்டோம். மிச்சம் ரெண்டு.

முதல்ல கறக்க வந்தவங்க. எங்க வீட்டுக் கதை. 2005ல கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்புல யுனைடெட்டை வாங்கிச்சு. பாதிக்கு மேல கடன் வாங்கின பணம். அந்தக் கடனின் பாரம் எங்க ஏறிச்சு? கிளப்பு மேலயே. அதுல ஒரு பகுதிக்கு வட்டி 14.25 சதவீதம். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் கடனே இல்லாத கிளப். மாப்பிள்ளை கல்யாணச் செலவுக்கு வட்டிக்கு வாங்கிட்டு, பத்திரத்துல பொண்ணோட பேரைப் போட்ட மாதிரி. அதுக்கப்புறம் வட்டி, கடன் செலவு, பங்காதாயம்னு கிளப்பை விட்டு வெளிய போனது 100 கோடி பவுண்டுக்கு மேல. 2024 பிப்ரவரியில ஜிம் ராட்க்ளிஃப் கால்வாசிக்கு மேல பங்கு வாங்கி நிர்வாகத்துக்கு வந்தார். சிக்கனம் ஆரம்பிச்சது. யார் கிட்ட? ரெண்டு சுற்றா நூத்துக்கணக்கான சாதாரண ஊழியர்களுக்கு வேலை போச்சு. 2025ல ஓல்டு டிராஃபோர்டு ஊழியர்களுக்கு இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்திட்டு, பழம் எடுத்துக்கங்கன்னாங்க. இருபது வருஷ வட்டியோட பக்கத்துல அந்தச் சோத்துக் கணக்கை வெச்சுப் பாருங்க. எனக்கு வாயில வர்றதை இங்க எழுதமுடியாது.

2005லயே இதை எதிர்த்து ஒரு கூட்டம் ரசிகர்கள் விலகி எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்னு சொந்தமா கிளப் ஆரம்பிச்சாங்க. மைதானம் இல்லாம முதல் சில வருஷம் வாடகைக்கு ஆடினது எங்க தெரியுமா? பெரியோட கிக் லேன்ல. உலகம் எவ்வளவு சின்னது பாருங்க.

அடுத்து, கொட்ட வந்தவங்க. இங்கதான் என் செல்சி நண்பன் காலரைத் தூக்குவான். அப்ரமோவிச் 2003ல வந்தார், 150 கோடி பவுண்டு கடனாக் கொடுத்தார், கோப்பையா குவிஞ்சது. சரி. 2022 பிப்ரவரியில ரஷ்யா உக்ரைன் மேல போர் தொடுத்தது. மார்ச்ல பிரிட்டன் அரசு அவர் சொத்தை முடக்கிச்சு. ஒரே நாள்ல உலக கிளப் சாம்பியனான செல்சி, கடையில சட்டை விக்கமுடியாது, புதுசா டிக்கெட் விக்கமுடியாது, ஒப்பந்தம் போடமுடியாது. அரசாங்கம் தந்த சிறப்பு உரிமத்துல மூச்சு விட்டுச்சு. அவர் அந்தக் கடனைக் கேட்காம விட்டதாலயும், 250 கோடி பவுண்டுக்கு வாங்க ஆள் வந்ததாலயும் பிழைச்சீங்க. லண்டன்ல இருந்ததால ஆள் வந்தது. பெரியில இருந்திருந்தா?

நம்ம நாட்டு ஆளும் ஒருத்தர் இருக்கார். வெங்கீஸ்! புனேவின் அந்தக் கோழிக் கம்பெனியேதான். 2010 நவம்பர்ல பிளாக்பர்ன் ரோவர்ஸை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினாங்க. 1995ல பிரீமியர் லீக் ஜெயிச்ச கிளப். வந்த அடுத்த மாசமே அனுபவசாலி மேனேஜர் அல்லர்டைஸை அனுப்பினாங்க. 2012ல கீழ இறங்கியாச்சு. அந்த ஆட்டத்துல ரசிகர் ஒருத்தர் கிளப் கொடியைச் சுத்தி ஒரு கோழியையே மைதானத்துக்குள்ள விட்டார். 2017ல இன்னொரு படி கீழ (அடுத்த வருஷமே மறுபடி ஏறினது வேற கதை). இதுல முக்கியமான விஷயம், இவங்க கறக்க வரலை. வருஷா வருஷம் கோடிக்கணக்குல போட்டாங்க, இதுவரைக்கும் 20 கோடி பவுண்டுக்கு மேல. அதுலதான் ஆபத்தே. 2023ல இந்தியாவுல நடந்த ஒரு விசாரணை காரணமா, இங்கிருந்து பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்ற அனுமதி தேவைப்பட்டது. லங்காஷயர்ல ஒரு மில் ஊர் கிளப், புது டிஃபெண்டர் வாங்கலாமா வேணாமான்னு தெரிஞ்சுக்க டெல்லியில வாய்தா தேதியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தது.

கறக்கிறவர் கெட்டவர், கொட்டறவர் நல்லவர்னு நாம பிரிக்கிறோம். கிளப் பக்கத்துல இருந்து பார்த்தா ரெண்டு பேருமே ஒண்ணுதான். தன்னை விட்டா வேற வழியில்லாம ஆக்கிடறாங்க. ஓனரை அளக்கிற அளவுகோல் அவர் வந்த அன்னைக்கு எவ்வளவு கொண்டு வந்தார் என்பது இல்லை. போற அன்னைக்கு கிளப் தன் கால்ல நிக்குதா என்பதுதான். என் கட்சி அவ்வளவுதான்.

*

"குறை சொல்றது ஈஸி, வழி சொல்லு"ன்னு கேப்பீங்க. சொல்றேன்.

1. மைதானம் கிளப் பேர்லயே இருக்கணும். ஓனர் தனக்குத் தானே வித்துக்கிற வேலை கூடாது. டெர்பி ஓனர் 2018ல கிளப் மைதானத்தைத் தன் இன்னொரு கம்பெனிக்கு 8.1 கோடி பவுண்டுக்கு வித்து கணக்குல லாபம் காட்டினார். 2021ல திவால் நிர்வாகம், மொத்தம் 21 புள்ளி வெட்டு, அடுத்த வருஷம் கீழ. ஷெஃபீல்டு வென்ஸ்டேவும் அதே பாட்டுதான், 6 கோடி பவுண்டு. 2025ல மாசம் மாசம் சம்பளம் தாமதம், ஒரு பக்க கேலரி பாதுகாப்பு இல்லைன்னு ஆகஸ்ட்ல மூடல், அக்டோபர் 24ல திவால் நிர்வாகம், 12 புள்ளி வெட்டு. (செல்சி நண்பா, ரொம்ப சிரிக்காதே. 2023ல உங்க கிளப் ரெண்டு ஹோட்டலைத் தன் குழுமத்துக்குள்ளேயே 7.65 கோடிக்கு வித்துக்கிச்சு.)

2. கிளப்பை வாங்க வாங்கின கடனை கிளப் தலையில கட்டக்கூடாது.

3. ஓனர் போடறது கடனா இருக்கக்கூடாது, பங்கு மூலதனமா இருக்கணும். லெஸ்டர் ஓனர் விச்சாய் 2013ல தன் கடனைப் பங்கா மாத்தினார். அவர் பேரைச் சொன்னா அந்த ஊர் இன்னும் கண் கலங்குது. சும்மா இல்லை.

4. ஒப்பந்தம் போட்ட சம்பளத்துல ஒரு வருஷத்துக்கானதை முன்பணமா தனிக் கணக்குல கட்டிட்டுத்தான் சாவியை வாங்கணும். நாம வாடகை வீட்டுக்கே பத்து மாச அட்வான்ஸ் கொடுக்கிறோம்!

5. மைதானம், பேர், நிறம், சின்னம் இதுல கை வைக்கணும்னா ரசிகர்கள் சம்மதம் வேணும்.

இதெல்லாம் கனவு இல்லை. 2021ல சூப்பர் லீக் கூத்து நடந்ததுக்கு அப்புறம் அரசாங்கம் ஒரு ஆய்வு நடத்தி, கடைசியா 2025 ஜூலையில கால்பந்து நிர்வாகச் சட்டமே வந்திருக்கு. தனி ஒழுங்குமுறை அமைப்பு, கிளப்புக்கு உரிமம், ஓனருக்குப் பரிசோதனை, மைதானத்தை விக்க அனுமதி எல்லாம் அதுல உண்டு. பெரிக்கு ஆறு வருஷம் லேட். பரவாயில்லை, வந்ததே.

"ஜெர்மனி மாதிரி 50+1 வெச்சா போதுமே"ன்னு சில பேர் வருவீங்க. ஓட்டுல பாதிக்கு மேல உறுப்பினர்கள் கையில இருக்கணும் என்கிற விதி. எனக்கும் பிடிச்ச விதிதான். 2024 பிப்ரவரியில ரசிகர்கள் வாரா வாரம் டென்னிஸ் பந்தா எறிஞ்சு ஆட்டத்தை நிறுத்தி, லீக்ல வெளி முதலீட்டாளர் வர்ற திட்டத்தையே கைவிட வெச்சாங்க. ஆனா அதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. டார்ட்மண்ட் அதே விதிக்குள்ள இருந்துக்கிட்டே அளவுக்கு மீறிச் செலவு பண்ணி, மைதானத்தை வித்து, 2005ல திவால் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தது. ஓட்டு ரசிகன் கையில இருந்தாலும் ஆசை ஆசைதான்.

அது நம்மளைப் பத்தின விஷயம். இதைச் சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்லை. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசன்லயும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்து "காசை எடுங்கடா"ன்னு ட்விட்டர்ல கத்தினவன்தான் நானும். அந்தக் காசு எங்கிருந்து வரும்னு ஒரு நாளும் கேட்டதில்லை. சூதாடற ஓனருக்கு ஓரமா நின்னு விசில் அடிச்சது நாமதானே? 107 சதவீதத்துல அந்த ஏழுல நம்ம பங்கும் இருக்கு.

*

"ரசிகர்கள் கையில கொடுத்தா நடத்திக் கிழிப்பாங்களா?" கடைசிக் கேள்வி. போர்ட்ஸ்மத்துக்கே போவோம். ரெண்டாவது தடவையும் திவாலாகி, நாலாவது அடுக்குக்கு விழுந்துக்கிட்டு இருந்தப்போ, 2013ல ரசிகர் அறக்கட்டளை கிளப்பை வாங்கிச்சு. ரெண்டாயிரத்துக்கும் மேலான சாதாரண ஜனங்க தலைக்கு 1,000 பவுண்டு போட்டாங்க. அடுத்த வருஷமே பழைய கடனெல்லாம் தீர்த்தாங்க. 2017ல நாலாவது அடுக்கை ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம்தான் ஓட்டெடுப்பு வெச்சு, டிஸ்னியின் முன்னாள் தலைவர் ஐஸ்னருக்கு வித்தாங்க. 2024ல மூணாவது அடுக்கையும் ஜெயிச்சு மேல வந்திருக்கு கிளப். நாலு கோடீஸ்வரர்கள் ஒரே சீசன்ல கெடுத்ததை டாக்சி டிரைவரும் வாத்தியாரும் சேர்ந்து சரி பண்ணாங்க. அவங்களும் பணக்காரரே வேணாம்னு சொல்லலை. யாருக்குக் கொடுக்கிறோம்னு பார்த்து, கடன் இல்லாத வீடா துடைச்சு, சாவியைக் கொடுத்தாங்க.

பெரியும் திரும்பி வந்திருச்சு. 2022ல ரசிகர்கள் குழு, ஒரு பெரிய மனசுக்காரர் உதவியோடவும் அரசாங்க நிதியோடவும் கிக் லேன் மைதானத்தை மீட்டாங்க. ரெண்டா பிரிஞ்சிருந்த ரசிகர்கள் முதல் ஓட்டெடுப்புல ஒத்துவராம, 2023ல ரெண்டாவது ஓட்டெடுப்புல ஒண்ணு சேர்ந்தாங்க. நான் பார்த்தது அந்த முதல் சீசன். 2024-25ல அந்த லீக்கை ஜெயிச்சு எட்டாவது அடுக்குக்கு ஏறிட்டாங்க. அப்போ மூணாவது அடுக்குக்குத் திரும்ப இன்னும் அஞ்சு படி இருந்தது.

அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்போ, அந்தப் பெரியவர் தன் காலடியில கிடந்த காகிதக் கோப்பையைக் குனிஞ்சு எடுத்தார். பக்கத்து சீட்ல யாரோ போட்டுட்டுப் போனதையும் எடுத்தார். ரெண்டையும் குப்பைத் தொட்டியில போட்டுட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டுப் போனார்.

நண்பா, முதலாளி யாருன்னு கேட்டியே.

டிஸ்கி: அந்த செல்சி நண்பன் இதைப் படிப்பான்னு தெரியும். தம்பி, பதில் இருந்தா பின்னூட்டத்துல சொல்லு. கேன்டீன்ல வேணாம், அங்க டேமேஜர் இருக்கார் :)